உப்பு குறைந்தால் ஏரிக்கு நோய்

ஒடிசா மாநிலத்தில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் பெயர் சிலிகா. ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் ஆறுகள். கடலின் உப்புத் தண்ணீரும் ஆற்றின் நல்ல தண்ணீரும் இங்கே கலக்கின்றன. மழைக்காலத்தில் ஏரி 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும்.

ஏரியின் நடுவே நளபானா என்ற தீவு உண்டு. நாணல் காடு என்று பொருள். மழைக்காலத்தில் தீவு மூழ்கிவிடும். மழை நின்று தண்ணீர் வடிய வடிய, சேறு வெளியே தெரியும். அப்போது பறவைகள் கூட்டம் கூட்டமாக வரும். இமயமலையைத் தாண்டி வரும் வாத்துகளும் உண்டு. 1987-ஆம் ஆண்டு இந்தத் தீவு பறவைகள் சரணாலயம் ஆனது.

இவ்வளவு தூரம் ஏன் வருகின்றன? சாப்பாட்டுக்குத்தான். ஏரிக்கு அடியில் கடற்புல் வளர்கிறது. பார்த்தால் பாசி போல இருக்கும். ஆனால் பாசி அல்ல. அதற்கு வேர் உண்டு. பூவும் உண்டு. தண்ணீருக்குள்ளேயே பூக்கும்! சிலிகாவில் 5 வகைக் கடற்புல் இருக்கிறது. சில வாத்துகள் இதை மேயும். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் இதற்குள் ஒளிந்து வளரும். புல் செழித்தால் மீனவர் வலையும் நிறையும்.

இந்த ஏரிக்கு ஒரு நோய் வந்தது. ஆறுகள் வண்டல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டின. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் தூர்ந்தது. கடல் தண்ணீர் வரத்துக் குறைந்தது. உப்பும் குறைந்தது.

உப்பு குறைந்தால் நல்லதுதானே? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உப்பு குறைந்ததும் ஆகாயத்தாமரை படர்ந்தது. நாணலும் அளவு மீறி மண்டியது. கடற்புல்லுக்கு இடம் இல்லை, வெளிச்சமும் இல்லை. மீனும் இறாலும் குறைந்தன. இந்த ஏரியை நம்பிப் பிழைக்கும் மீனவ மக்கள் சுமார் 2 லட்சம் பேர். அவர்கள் அடுப்பு எப்படி எரியும்? சீரழிந்து வரும் ஈரநிலங்களுக்கு உலக அளவில் ஒரு பட்டியல் உண்டு. 1993-இல் சிலிகா அதில் சேர்க்கப்பட்டது.

2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. உப்பு பட்ட இடத்தில் ஆகாயத்தாமரை அழுகியது. கடற்புல் மீண்டும் பரவியது. சில ஆண்டுகளில் மீன்பாடு பல மடங்கு கூடியது. 2002-இல் அந்தப் பட்டியலிலிருந்து சிலிகாவின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஆறுகள் இன்றும் வண்டலைக் கொண்டுவருகின்றன. அதனால் முகத்துவாரத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இறால் வளர்க்க ஏரிக்குள் அடைப்புப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அடைப்பு நீரோட்டத்தைத் தடுக்கும். அங்கே வண்டல் இன்னும் சீக்கிரம் தங்கும். நளபானாவில் அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்கக் கூடாது. அங்கே குளிர்காலம் முழுவதும் பறவைகளின் ராஜ்யம்தான்.