அஞ்சல் அட்டையில் ஒரு நகரம்

எட்டாம் வகுப்பில் ஆங்கிலேயர் காலத்து நகர்ப்புற மாற்றங்களை நடத்தும்போது, "அங்கே சாதாரண ஆளுங்க யாரும் இல்லையா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அப்போது எனக்குக் கைகொடுத்தவர் ஓவியர் எம்.வி. துரந்தர் (1867–1944).

கோலாப்பூரில் பிறந்த இவர், பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரானவர். 1900களின் தொடக்கத்தில் பம்பாய் மக்களின் அன்றாட வாழ்வை அஞ்சல் அட்டைகளுக்காக வரைந்தார். எஸ்.எம். எட்வர்ட்ஸ் எழுதி 1912இல் வெளிவந்த ‘பைவேஸ் ஆஃப் பாம்பே’ நூலின் படங்களும் இவருடையவையே. எட்வர்ட்ஸ் அந்நகரின் காவல் ஆணையர்.

படங்களைக் காட்டி மூன்று வினாக்கள் கேட்டேன். இவர் என்ன வேலை செய்கிறார்? எதை வைத்துச் சொல்கிறாய்? படம் எதைச் சொல்லவில்லை? மூன்றாவதுதான் முக்கியம். அக்கால அட்டைகள் மனிதர்களைச் சாதி, தொழில் என வகைப்படுத்தின. பெரும்பாலும் அவர்களின் பெயரைக் குறிக்கவில்லை.

பிறகு அவரவர் தெருவை வரையச் சொன்னேன். எங்கள் விருத்தாசலம் பீங்கான் தொழில் நடக்கும் ஊர். பெற்றோரின் வேலையைச் சொல்லத் தயங்கும் மாணவி ஒருத்தி, பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் தன் தாயை வரைந்தாள். கீழே அம்மாவின் பெயரையும் எழுதியிருந்தாள்.

இதற்கு ஒரு பாடவேளை போதும். உங்கள் வகுப்பிலும் முயன்று பாருங்கள்.