மிளகு கொடுத்து வாங்கிய துப்பாக்கி

திருவனந்தபுரத்து வலியசாலையில் இன்று ஆயுதம் பற்றிய பேச்சே எழாது. கிள்ளியாற்றுக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் நடுவே ஒட்டி ஒட்டி நிற்கும் அக்ரகார வீடுகள், வாசலில் கோலம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், காந்தளூர் மகாதேவர் கோயில். அந்தக் கோயிலில் சிவன், விஷ்ணு, பிரம்மா மூவருக்கும் சந்நிதி உண்டு. நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் வருவார்கள். சரஸ்வதி கோட்டைக்குள், முருகன் ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில். முன்னே மன்னரின் உடைவாள் வரும். தமிழ்நாட்டுப் போலீஸும் கேரளப் போலீஸும் துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்வார்கள். இந்தப் பக்கத்து மக்கள் ஆயுதத்தை அருகில் பார்ப்பது அந்த நாட்களில்தான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரின் பெயரே ஆயுதத்தோடு சேர்ந்துதான் வெளியே போனது. முதலாம் ராசராசன் தன் வெற்றிகளைக் கல்லில் வெட்டச் சொன்னபோது முதலில் வைத்தது காந்தளூர்ச் சாலையைத்தான். அந்தச் சாலை இந்த வலியசாலையே என்று பலர் கருதுகிறார்கள். மறுப்பவர்களும் உண்டு. எனக்கு இந்த இடம்தான் பொருத்தமாகப் படுகிறது.

சாலை என்ற அந்தப் பயிற்சிக்கூடம் எப்படி இருந்தது என்பதைக் காந்தளூரைவிடத் தெளிவாகச் சொல்வது பார்த்திவசேகரபுரம் செப்பேடு. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைக்குப் பக்கத்தில், காந்தளூர் முறையைப் பின்பற்றி, ஒரு சாலை அமைத்தான். சட்டர்கள் எனப்பட்ட 95 மாணவர்களுக்கு இடம். சேர வருகிறவனுக்கு இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாடுகளின் ஆட்சி நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். கூடவே, சபைக்கு ஆயுதம் கொண்டு வரக்கூடாது, ஒருவரையொருவர் தாக்கினால் தண்டம் என்றும் விதி இருந்தது. மாணவர்கள் ஆயுதம் பழகியவர்கள் என்பதற்கு அந்த விதியே போதும். கையில் இல்லாத ஒன்றைக் கொண்டு வராதே என்று யாரும் எழுதி வைக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து ஆயுதம் வாள், வேல், கேடயம். உலைக்களம் ஊருக்குள்ளேயே இருந்தது. மழுங்கினாலும் முறிந்தாலும் அதைச் செய்த கொல்லனிடமே திரும்பிப் போகலாம். செய்வதா, வாங்குவதா என்று ஓர் அரசன் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய நிலை துப்பாக்கியோடுதான் வந்தது. நல்ல குழலும் விசையும் பெரும்பாலும் கப்பலில் வந்தன. வைத்திருந்தவன் ஐரோப்பியன். அவனுக்கு வேண்டியது மிளகு.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1729இல் பட்டத்துக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு சிறிய நாடு. சுற்றிலும் பகை. அவர் மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கினார். கொடி வளர்ப்பவன் அரசுக்கே விற்க வேண்டும், வெளிநாட்டானுக்கு அரசுதான் விற்கும். அந்த வருமானத்தில்தான் படை நடந்தது. 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தார். 1753இல் மாவேலிக்கரையில் அதே டச்சுக்காரர்களோடு உடன்படிக்கை. திருவிதாங்கூர் ஒரு விலைக்கு மிளகு தரும், டச்சுக்காரர்கள் ஆண்டுதோறும் 12,000 ரூபாய்க்கு ஆயுதம் தருவார்கள் என்பது அதில் ஒரு ஷரத்து. தோற்றவனையே கடைக்காரனாக்கிக் கொண்ட சாமர்த்தியம் அது.

வாங்குவதோடு நின்றிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டியதில்லை. குளச்சலில் பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டிலன்னாய். மார்த்தாண்ட வர்மா அவரைச் சிறையில் வாட விடவில்லை. படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுக்க வைத்தார், கோட்டை கட்ட வைத்தார், தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்க உலை போட வைத்தார். டச்சுக்காரனிடம் வாங்கியது ஒரு பக்கம், டச்சுப் படையிலிருந்து வந்தவரிடம் கற்றது இன்னொரு பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றதன் பங்கு கூடியது. மக்கள் டிலன்னாயை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். 1777இல் அந்தக் கோட்டைக்குள்ளேயே இறந்தார்.

அவர் கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. கூரை போன தேவாலயத்துக்குள் படுக்கைக் கல். அதில் லத்தீனிலும் தமிழிலும் வாசகம் வெட்டியிருக்கிறார்கள். கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, மான் பார்க்கக் குடும்பங்கள் வருகின்றன. பீரங்கி வார்த்த உலையின் எச்சமும் உள்ளேதான். வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்லறையோடு திரும்பிவிடுகிறார்கள். நான் போகும்போதெல்லாம் உலைப் பக்கம்தான் அதிக நேரம் நிற்பேன். ஒரு சிறிய நாடு, தன்னைவிடப் பெரியவர்களிடம் காலமெல்லாம் கை நீட்டாமல் இருக்க எடுத்த முயற்சியின் மிச்சம் அது. கல்லறைக்குக் கொடுக்கும் மரியாதையை உலைக்கும் கொடுத்து, அங்கே என்ன வேலை நடந்தது என்று விளக்கும் ஒரு நல்ல பலகையாவது வைக்க வேண்டும்.

பின்னால் வந்தவர்கள் வாங்குவதையே எளிதாகக் கண்டார்கள். 1789இல் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா கொடுங்கல்லூர்க் கோட்டையையும் ஆயக்கோட்டையையும் டச்சுக்காரர்களிடம் மூன்று லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். கோட்டையையே விலை பேசி வாங்கினார்கள்! அதையே காரணமாகச் சொல்லித் திப்பு சுல்தான் படையெடுத்தார். எல்லை அரணான நெடுங்கோட்டையில் முதல் தாக்குதலைத் திருவிதாங்கூர்ப் படை தடுத்தது உண்மை. ஆனால் நிலைத்து நிற்க ஆங்கிலக் கம்பெனியின் துணை வேண்டியிருந்தது. அடுத்த கட்டத்தில் பாதுகாப்பையே விலைக்கு வாங்கினார்கள். 1795 உடன்படிக்கையில் கம்பெனிப் படையின் செலவை ஏற்றார்கள். 1805இல் அது ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாயானது. 12,000 ரூபாய் ஆயுதத்தில் தொடங்கியது எட்டு லட்சம் ரூபாய் பாதுகாப்பில் வந்து நின்றது. நடுவில் ஓடியது அரை நூற்றாண்டுதான்.

இதே காலத்தில்தான் திவான் கேசவதாசர் வலியசாலைக்குப் பக்கத்தில் சாலைக் கடைத்தெருவை வளர்த்தார். வணிகத்தில் அவர் கெட்டிக்காரர், அந்தக் கடைத்தெரு இன்றைக்கும் ஊருக்குச் சோறு போடுகிறது. ஆனால் உதயகிரி உலையை அப்படி வளர்க்க ஒருவர் வரவில்லை. எட்டு லட்சத்தின் பாக்கி கழுத்தை நெரித்தபோது வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் குண்டறையில் கம்பெனிக்கு எதிராக அறைகூவல் விடுத்தார். மார்ச்சில் மண்ணடியில் அவர் உயிர் போனது. அதன்பின் திருவிதாங்கூரின் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டு அரண்மனைக் காவலுக்குச் சுருங்கியது. உதயகிரியில் ஆங்கிலப் படை குடியேறியது. எந்தத் துப்பாக்கி, எத்தனை துப்பாக்கி, யார் கையில் என்ற தீர்ப்பு இந்த ஊரை விட்டே போய்விட்டது. தோல்வி என்றால் எனக்கு இதுதான் தோல்வி. போர்க்களத்தில் தோற்றதை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

இனி இன்றைய கதை. அமெரிக்காவில் ஒரு சாதாரணக் குடிமகன் கைக்காசுக்கு ஏற்ற அரைத் தானியங்கித் துப்பாக்கியை வாங்குவதா, உதிரியாக வாங்கிச் சேர்ப்பதா என்று யோசிக்கலாம். நம் ஊரில் தனி ஆளுக்கு அந்த யோசனையே கிடையாது. 1959 ஆயுதச் சட்டம் அதைத் தடுக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தால் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை, ஆயுள் வரைகூடப் போகலாம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். இங்கே அந்தக் கேள்வி அரசுக்கு மட்டும் உரியது. அரசுக்கோ அது அறுபது ஆண்டுகளாகத் தலைவலி.

1962இல் சீனாவோடு மோதியபோது நம் வீரர்கள் கையில் இருந்தது .303 லீ என்ஃபீல்டு. ஒவ்வொரு சுடுதலுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டும். விசையை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகச் சுட்டு, அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அவசரமாகத் தேவைப்பட்டது. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தின் எஃப்.ஏ.எல். அப்போது உலகப் புகழ். உரிமம் பற்றிய பேச்சு ஒத்துவரவில்லை. நம் பொறியாளர்கள் வெவ்வேறு நாட்டு மாதிரிகளைக் கழற்றிப் பார்த்து, தங்களுக்கென்று ஒரு வரைபடம் போட்டு, வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தே விட்டார்கள். எஃப்.என். சண்டைக்கு வந்தது. பெல்ஜியத்திடமும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம் என்று சமாதானம் பேசினார்கள். அப்படிப் பிறந்ததுதான் எஸ்.எல்.ஆர். 1971 போரில் இந்திய வீரனின் தோளில் தொங்கியது அதுதான். கனம்தான், ஆனால் ஏமாற்றாது என்று பழைய சிப்பாய்கள் இன்றும் பாசமாகப் பேசுவார்கள். கையில் காசில்லாத நாடு செய்த நல்ல காரியங்களில் அதையும் சேர்க்கிறேன்.

அடுத்து வந்த துப்பாக்கி இன்சாஸ். வடிவமைப்பு புணேயில், தயாரிப்பு இச்சாப்பூரிலும் நம் திருச்சியிலும். 1980களில் தொடங்கிய வேலை இழுத்துக்கொண்டே போனதால், இடைப்பட்ட தேவைக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏ.கே. ரகத் துப்பாக்கிகளை இறக்க வேண்டியதாயிற்று. 1999இல் கார்கில் குளிரில் இன்சாஸின் பிளாஸ்டிக் குண்டுப்பேழை விரிசல் விட்டது. சில நேரம் துப்பாக்கியே சிக்கிக்கொண்டது. 2005இல் நேபாள ராணுவமும் குறை சொன்னது. செய்வதே மேல் என்று சொல்லும் என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகக்கூடாது. மலை உச்சியில் நின்ற பையனுக்கு உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமையால் ஒரு பயனும் இல்லை. அவனுக்கு வேண்டியது சுடும் துப்பாக்கி. மோசமாகச் செய்வதன் விலையை அவன்தான் கொடுக்கிறான். ஆனால் குறை தெரிந்ததும் ஒரே கை அடுத்தடுத்துத் திருத்திக்கொண்டே போயிருக்க வேண்டும். எஃப்.ஏ.எல்லைக் கழற்றிப் பார்த்துக் கற்ற அந்த வேகம் இன்சாஸுக்கு வாய்க்கவில்லை.

வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019இல் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடமிருந்து 72,400 துப்பாக்கிகள், சுமார் 647 கோடி ரூபாய். ஒன்றுக்கு ஏறத்தாழ 89,000. ஐந்து ஆண்டு கழித்து, 2024இல் அதே ரகத்தில் இன்னும் 73,000, சுமார் 837 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 1,15,000 ரூபாயை ஒட்டி வருகிறது. அவசரத்துக்கு வாங்கியதைத் தவறென்று சொல்ல மாட்டேன், எல்லையில் நிற்பவனைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆனால் மறுபடி போய் நின்றபோது விலை சொன்னவர் விற்பவர்தான். நாம் பேரம் பேசலாம், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவே உள்ள வழி கோர்வா. உத்தரப்பிரதேசம் அமேதி மாவட்டத்தில் ரஷ்யாவோடு சேர்ந்து ஏ.கே. 203 செய்யும் தொழிற்சாலை. 2021 டிசம்பரில் 6,01,427 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம், மதிப்பு 5,000 கோடிக்கும் மேல். முதலில் உதிரிகள் அங்கிருந்து வரும், படிப்படியாக எல்லாம் இங்கேயே செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. 2024 ஜூலைக்குள் 35,000 கையளிக்கப்பட்டன. நவல்பட்டில் 1966இல் தொடங்கிய திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஏ.கே. குடும்பத்தைச் சேர்ந்த தன் சொந்தத் துப்பாக்கியைக் காவல் படைகளுக்குச் செய்து தருகிறது. வலியசாலையிலிருந்து சற்று தூரத்தில், சாக்கையில் பிரம்மோஸ் ஏவுகணை நிறுவனத்தின் தொழிற்சாலை. அதுவும் ரஷ்யாவோடு கூட்டுதான். முன்பு அந்த இடத்தில் இருந்தது கேரள அரசின் கெல்டெக் நிறுவனம். இந்தத் தொழிற்சாலையின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு உதயகிரி நினைவுக்கு வரும். மார்த்தாண்ட வர்மா பிடித்த வழி இதுவே. தெரிந்தவனைக் கூட வைத்துக்கொண்டு, அவன் கையிலிருந்து நம் கைக்கு வேலையை மாற்றுவது.

வழி சரி. மாற்றம் முழுமையாக நடக்கிறதா என்பதில்தான் எனக்குக் கவலை. டிலன்னாய் இருந்தவரை உலை எரிந்தது. அவரிடம் கற்றவன் அடுத்தவனுக்குக் கற்றுக் கொடுக்கவும், அந்த அடுத்தவனுக்கு அரசு கூலி கொடுத்துக் காப்பாற்றவும் ஒரு ஏற்பாடு வளரவில்லை. திருவனந்தபுரத்தின் பாங்கோடு ராணுவ முகாமில் ஆண்டுதோறும் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் குளச்சல் நாளைக் கொண்டாடுகிறார்கள். சண்டை போட்டவர்களுக்கு நாள் உண்டு, பீரங்கி வார்த்தவர்களின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை. கோர்வாவின் ஒப்பந்தம் முடியும்போது குழலுக்கான எஃகு எங்கே உருகியது, அதைத் துளைத்தவர் எங்கே பயின்றார், அடுத்த ரகத்தின் வரைபடம் யார் மேசையில் கிடக்கிறது என்று கேட்க வேண்டும். ரஷ்யாவுக்கு ஆள் அனுப்பாமல் இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் 5,000 கோடியும் நியாயமான செலவு.