'வர்ஷிப்' என்னும் ஆங்கில வினை: மதிப்பும் வழிபாடும்

'வர்ஷிப்' என்னும் ஆங்கில வினைக்கு வணங்கு, தொழு, வழிபடு என்னும் தமிழ் வினைகளே உடன் நினைவுக்கு வருகின்றன. இன்றைய வழக்கிற்கு அவை பொருந்தும். பழைய ஆங்கில நூல்களைக் கற்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் அவற்றையே எங்கும் கைக்கொண்டால் பொருள் தலைகீழாகும்.

இச்சொல் முதலில் பெயர்ச்சொல்லாகவே வழங்கியது. தகுதி, மதிப்பு எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லுடன் தன்மையுணர்த்தும் ஈறு சேர்ந்து அது உருவாயிற்று. அன்புடைமை, அருளுடைமை என்னும் குறள் அதிகாரப் பெயர்களைப் போல 'மதிப்புடைமை' எனத் தமிழாக்கின் மூலத்தை மிக நெருங்கும். வினைவடிவம் இடைக்கால ஆங்கிலத்தில் தோன்றியது. ஒருவருக்கு அவர்தம் தகுதிக்கேற்ற சிறப்பைச் செய்தல் என்பது அதன் பொருள். அச்சிறப்பைப் பெறுபவர் கடவுளாகவும் இருக்கலாம், மனிதராகவும் இருக்கலாம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த விக்ளிஃப் விவிலியத்தில், யோவான் 12:26இல், இயேசுவுக்கு ஊழியம் செய்பவனைத் தந்தையாகிய கடவுளே 'வர்ஷிப்' செய்வதாக வருகிறது. இதனை 'வழிபடுவார்' என்று பெயர்த்தால் இறைவன் அடியவனை வழிபட்டதாக முடியும்! 'சிறப்பிப்பார்' என்பதே அங்குப் பொருள்.

1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் லூக்கா 14:10இல், பந்தியில் உயர்ந்த இடத்திற்கு அழைக்கப்படும் விருந்தினன் பெறும் பெருமையை இச்சொல்லின் பெயர்வடிவால் குறிக்கிறது. அவ்விடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'கனம்' என்னும் சொல்லை ஆள்கிறது. மிகப் பொருத்தமான தேர்வு இது. எடையையும் மதிப்பையும் ஒருங்கே சுட்டும் அச்சொல் 'கனம் நீதிபதி அவர்கள்' என்று விளியிலும் வரும். இங்கிலாந்தில் மேயரை 'யுவர் வர்ஷிப்' என விளிப்பதும் அத்தகையதே. அதில் சமயச் சாயல் இல்லை.

சிக்கல் கூர்மையடைந்தது திருமணச் சடங்கில்தான். இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டுப் பொதுச் செப நூலில், மோதிரம் அணிவிக்கும் மணமகன் தன் உடலால் மணமகளை 'வர்ஷிப்' செய்வதாக உறுதிகூறுகிறான். கடவுளுக்கே உரிய செயலை மனைவிக்கு ஆக்குவதா எனத் தூய்மைவாதிகள் எதிர்த்தனர். 1604இல் ஹாம்ப்டன் கோர்ட் மாநாட்டில் இவ்வெதிர்ப்பு எழுந்தபோது, மதிப்பிற்குரியோரைச் சுட்டும் வழக்கமான ஆங்கிலச் சொல்லே அது என்று மன்னர் முதலாம் ஜேம்ஸ் மறுத்தார். சொல்லாட்சி பற்றிய அளவில் மன்னர் கூற்றே சரி. எனினும் மக்கள் வழக்கு எதிர்த்தோர் பக்கமே சென்றது. 1928இல் முன்வைக்கப்பட்ட திருத்த நூல் அவ்விடத்தில் 'மதித்தல்' என்னும் பொருள்தரும் வேறு வினையை இட்டது. 55ஆம் குறளில் மனைவி கணவனைத் தொழுகிறாள்; ஆங்கிலச் சடங்கிலோ கணவனே செய்வோன். இத்திசை வேறுபாட்டை நோக்காது 'தொழுகிறேன்' எனப் பெயர்ப்பது தமிழ் வாசகரைத் திசைதிருப்பும். 'போற்றுகிறேன்' எனின் இரு பொருளுக்கும் இடமுண்டு.

இன்றைய வழக்கில் மனிதரைச் செயப்படுபொருளாகக் கொள்ளும்போது இவ்வினை பெரும்பாலும் மிகையன்பையே குறிக்கிறது. செயப்படுபொருளின்றியும் இது வரும். ஒருவர் குறிப்பிட்ட தேவாலயத்தில் 'வர்ஷிப்' செய்கிறார் எனின், அங்கு நடைபெறும் வழிபாட்டில் வழக்கமாகக் கலந்துகொள்பவர் என்பது கருத்து.