கல்லீரலுக்குப் பக்கத்து வீடு இதயம்

மாணவர்களே, வலப்பக்க விலா எலும்பின் மேல் கை வையுங்கள். அதன் உட்புறம்தான் கல்லீரல். அங்கிருந்து புறப்படும் சிரைகள் மிகக் குட்டை. கீழ்ப் பெருஞ்சிரையில் சேர்ந்துவிடும். அந்தப் பெருஞ்சிரை உதரவிதானத்தைத் தாண்டியதுமே இதயத்தின் வலது மேலறையில் திறக்கிறது.

சாக்கடைக் குழாய்க்குள் மரத்து வேர் நுழைந்து நீளமாக வளர்வதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். முற்றிய கல்லீரல் புற்றுநோயும் சிலருக்கு இப்படியே சிரைக்குள் புகுந்து, ரத்தம் ஓடும் திசையிலேயே வளர்ந்து இதயம்வரை நீண்டுவிடும். அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். உடைந்த துணுக்கு நுரையீரலை அடைக்கவும் கூடும்.

இந்தப் புற்றுநோய்க்கு ஒரு முக்கியக் காரணம் ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. மலாக்காத் தோட்டங்களில் அதற்கு முன் பிறந்த உங்கள் தாத்தா பாட்டிக்கு அந்த வாய்ப்பில்லை. கிருமி இருக்கிறதா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.