இல்லாத தோட்டத்தைப் படம் பிடிப்பது எப்படி?

கையில் ஒரு கேமரா இருந்தால் ஆவணப்படம் எடுத்துவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஈப்போவில் வளர்ந்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சென்ற விடுமுறையில் ஓர் ஒளிப்பதிவாளருக்கு உதவியாகச் சென்ற பிறகே அத்தொழிலின் அருமை புரிந்தது. எந்த நிறுவனத்தையும் சாராமல், படத்துக்குப் படம் அழைக்கப்பட்டு, நாள் கூலிக்கு உழைப்பவர் அவர். தோட்ட வாழ்க்கையைப் பற்றிய படத்துக்காக வந்திருந்தார்.

அதில் பேச என் பாட்டியும் சம்மதித்தார். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். இன்று அங்கே லயமும் இல்லை, பெரட்டுக் களமும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. இல்லாத ஒன்றை எப்படிப் படம் பிடிப்பது?

இதற்கு ஒரு வழியை அமீர் முகம்மது 2006ஆம் ஆண்டில் இயக்கிய 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' என்ற ஆவணப்படத்தில் காணலாம். பேராக், சித்தியவானில் 1924இல் பிறந்த சின் பெங்கைப் பற்றிய படம் அது. ஆனால், சின் பெங் அதில் தோன்றுவதே இல்லை. அவர் வாழ்ந்த ஊர்களின் மக்களே பேசுகிறார்கள். நம் நாட்டில் அப்படத்தைத் திரையிடத் தடை விதிக்கப்பட்டது. எனினும் அது காட்டும் பாடம் தெளிவு: இல்லாததைப் போலியாக உருவாக்க வேண்டாம், எஞ்சியிருப்பதைக் கூர்ந்து பார்த்தால் போதும்.

இது தெரியாமல் நான் பாட்டியைச் செம்பனைக்கு நடுவே நிறுத்தி, "பால் வெட்டுற மாதிரி நடிங்க பாட்டி" என்றேன்.

"மரமே இல்லாத எடத்துல எத வெட்டச் சொல்ற தம்பி?" என்று கேட்டுவிட்டு, அவர் காரில் போய் அமர்ந்துகொண்டார். ஒளிப்பதிவாளர் எதுவும் சொல்லாமல் கேமராவை மூடினார்.

மறுநாள் புந்தோங்கில் உள்ள எங்கள் வீட்டில் படப்பிடிப்பு. முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம் விழும்படி சன்னலோரம் நாற்காலியைப் போட்டார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அதன் இரைச்சல் பேச்சோடு கலந்துவிடுமாம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே குழல்விளக்கின் கீழ் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்தார். பொருந்தாத வேகத்தில் வைத்தால் படம் மினுங்கும். யாரையும் பேசவிடாமல் வீட்டின் அமைதியை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்தார். படத்தொகுப்பில் வெட்டிய இடங்களை இணைக்க அது உதவும்.

பிறகு, பாட்டி பாதுகாத்து வைத்திருந்த பால்வெட்டும் கத்தியை மேசைமேல் வைத்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் பாட்டி அதை எடுத்தார். மணிக்கட்டு தானாகச் சாய்ந்தது.

"பட்டைய மட்டும் மெல்லிசா சீவணும். மரத்துல காயம் பட்டா மறுபட்டை முண்டும் முடிச்சுமா வரும். வெயில் ஏறுனா பால் நின்னுடும். அதான் இருட்டுலயே போவோம்."

கேமரா அவர் கையை விட்டு அசையவில்லை. அவர் பேசி முடித்த பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மௌனத்தில்தான் பாட்டி கண்ணைத் துடைத்தார்.

அன்றிரவு பதிவுகளை இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் நகலெடுத்த பிறகே ஒளிப்பதிவாளர் உறங்கினார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். கேள்விகளை அடுக்கும் முன், அவர்கள் கையாண்ட பொருளொன்றை எதிரே வையுங்கள். பிறகு பொறுமையாகக் காத்திருங்கள்.