கணினியில் ஒரு பேரரசு



இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கணினியின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். விடியற்காலையில் பிரட்டுக்குப் போக வேண்டிய தகப்பனார், "என்னடா அது, இந்நேரம் வரைக்கும்?" என்று கேட்டால், "சண்டை விளையாட்டுப்பா, இன்னும் ஒரே ஒரு முறை" என்று பதில் வருகிறது. தகப்பனாருக்கு அது என்னவென்று விளங்குவதில்லை. பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்லத் தெரிவதில்லை. வீட்டில் வாக்குவாதம் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே அந்த விளையாட்டு எப்படிப்பட்டது, அதில் கற்கத் தக்கது எது, காக்க வேண்டிய எல்லை எது என்பவற்றை இன்று பார்ப்போம்.

சண்டை விளையாட்டு என்றதும், கண்ட இடத்தில் துப்பாக்கியால் சுடும் விளையாட்டுத்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசுவது அதைப் பற்றியன்று. இது ஆடுபுலி ஆட்டத்தின் தூரத்து உறவு. மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளையும் வைத்துக்கொண்டு, எந்த ஆட்டை எங்கே நகர்த்தினால் புலி அடைபடும் என்று நம் பெரியவர்கள் லயத்து வாசலில் யோசித்தார்களே, அந்த யோசனைதான் இங்கும் வேண்டும். கட்டம் மட்டும் பெரிது. கோடு போட்ட தரைக்குப் பதிலாக ஒரு கண்டம் முழுவதும் வரைபடமாக விரிந்து கிடக்கிறது.

போரை விளையாட்டாக்கிப் பார்ப்பது புதிய பழக்கமன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையை வைத்து ஆடிய சதுரங்கம் இந்திய மண்ணில் பிறந்து உலகெங்கும் பரவியது. ஜெர்மானிய நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவில் 1824ஆம் ஆண்டில், படை அதிகாரிகளின் பயிற்சிக்காக வரைபடத்தின் மேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை ராணுவமே ஏற்றுக்கொண்டது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் விதிகளை 1913இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். 1983இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம், குள்ளர்கள், பூதங்கள், மந்திரவாதிகள் நிறைந்த ஒரு கற்பனை உலகத்தைப் படைத்து, 'வார்ஹாமர்' என்னும் மேசை விளையாட்டைக் கொண்டுவந்தது.

அதே இங்கிலாந்தில், ஹார்ஷம் என்னும் ஊரில் இயங்கும் கிரியேட்டிவ் அசெம்பிளி என்ற நிறுவனம், ஜப்பானியப் போர் வரலாற்றை வைத்து 2000ஆம் ஆண்டில் 'டோட்டல் வார்' கணினி விளையாட்டுகளைத் தொடங்கியது. வரலாற்றுப் போர்களையே காட்டிவந்த அந்த வரிசை, 2016இல் வார்ஹாமரின் கற்பனை உலகத்துக்குள் நுழைந்தது. அதன் இரண்டாம் பாகம் 2017இலும் மூன்றாம் பாகம் 2022இலும் வெளிவந்தன. மூன்று பாகங்களின் நிலப்பரப்பையும் ஒன்றாக இணைத்த 'இம்மார்ட்டல் எம்பயர்ஸ்' என்னும் பெரிய ஆட்டத்தில் 270க்கும் மேற்பட்ட அரசுகளும் கூட்டங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றை நாம் ஆளுகிறோம். மற்றவற்றைக் கணினி ஆளுகிறது.

இந்த விளையாட்டுக்கு இரண்டு தளங்கள் இருக்கின்றன. முதல் தளம், நாட்டு வரைபடம். இங்கே ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது வரி தண்டலாம், கட்டடம் எழுப்பலாம், ஆள் சேர்க்கலாம், தூது அனுப்பலாம், படையை நகர்த்தலாம். அவசரம் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். இரண்டாம் தளம், போர்க்களம். இரு படைகள் மோதும்போது திரை மாறி, மலையும் காடும் நிறைந்த களம் தோன்றுகிறது. அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அணிவகுத்து நிற்கும் வீரர்களுக்கு அந்தந்தக் கணத்திலேயே கட்டளையிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கார்ல் ஃப்ரான்ஸ் என்னும் மனிதப் பேரரசரை நாம் தேர்ந்தெடுத்ததாக வைத்துக்கொள்வோம். அவருடைய தலைநகரம் ஆல்ட்டோர்ஃப். அது ரெய்க்லாண்டு மாகாணத்தில் இருக்கிறது. பேரரசர் என்பது பட்டம் மட்டுமே. தொடக்கத்தில் மற்ற மாகாணங்கள் தனித்தனிக் கோமகன்களின் கையில் இருக்கின்றன. சொந்த மாகாணத்துக்குள்ளேயே பிரிவினைக்காரர்களின் படை ஒன்று நிற்கிறது. கிழக்கே சில்வேனியாவில் இரத்தம் குடிக்கும் பிரபுக்கள் எலும்புக்கூடுகளையும் பிணங்களையும் எழுப்பிப் படை நடத்துகிறார்கள். வடக்கிலிருந்து அழிவுக் கூட்டம் வரும் என்ற அச்சமும் இருக்கிறது.

புதிதாக ஆடுபவர் என்ன செய்வார்? கிழக்கே பெரிய பகைவன் இருக்கிறானே என்று முதலிலேயே அங்கே படையெடுப்பார். அவர் நெடுந்தூரம் போன பிறகு, பின்னால் விட்டுவந்த சிறு பகைவன் அவருடைய ஊரைப் பிடித்துக்கொள்வான். அனுபவம் உள்ளவர் முதலில் தம் மாகாணத்தை முழுமையாக்குவார். ஒரு மாகாணத்தின் எல்லா ஊர்களும் ஒரே கையில் இருந்தால்தான், அந்த மாகாணம் முழுமைக்கும் பயன்தரும் ஆணை பிறப்பிக்க முடியும். வீட்டுக் கூரை ஒழுகும்போது முன்வாசலுக்குச் சாயம் பூசுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அடுத்தது பணம். இந்த விளையாட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒரு படையில் அதிகமாக 20 பிரிவுகள் இருக்கலாம். ஒவ்வொரு பிரிவையும் சேர்க்கும்போது ஒரு விலை. அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் பராமரிப்புச் செலவு. சேர்க்கும் விலை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பராமரிப்புச் செலவு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அரசைக் கவிழ்ப்பது அதுதான். ஒரு பேச்சுக்கு, ஒரு முறைக்கு வரவு 2000 பொன், படைகளின் பராமரிப்பு 1700 பொன் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 300. கையில் நிறைய இருப்பு இருக்கிறதே என்று நினைத்து, முறைக்கு 500 பொன் தின்னும் படைகளை மேலும் சேர்த்தால், அன்று முதல் ஒவ்வொரு முறையும் 200 பொன் குறையும். இருப்பு இருக்கும் வரையில் ஒன்றும் தெரியாது. இருப்பு தீர்ந்ததும் சம்பளமில்லாத படை தானே தேயத் தொடங்கும். போதாததற்கு, படைகளின் எண்ணிக்கை கூடக்கூட, பெரும்பாலும் எல்லாப் படைகளின் பராமரிப்பும் சற்று உயரும்.

நேயர்களே, இது நமக்குப் புதிய பாடமா? முன்பணம் கொஞ்சம் கட்டி மோட்டார் சைக்கிளை எடுத்துவிடலாம். மாதாமாதம் கட்ட வேண்டிய தவணைதான் குடும்பத்தின் கழுத்தைப் பிடிக்கும். வாங்கும் விலை வேறு, வைத்துக் காக்கும் செலவு வேறு. இந்த உண்மையைச் சம்பளத் துண்டைப் பார்த்துப் பார்த்து நாம் பட்டறிந்தோம். பிள்ளை அதை ஒரு பேரரசை இழந்து அறிந்துகொள்கிறான்.

மூன்றாவது, அண்டை அயலார். எல்லாரோடும் ஒரே நேரத்தில் சண்டை போட்டு வென்றவர் இந்த விளையாட்டிலும் மிகக் குறைவு. பெரிய பகைவனோடு மோதுமுன் மற்ற எல்லைகளில் சமாதானம் வேண்டும். தாக்காமை உடன்படிக்கை, வணிக உடன்படிக்கை, கூட்டணி என்று படிப்படியாக உறவு வளர்க்கலாம். வணிகத்தால் வருமானமும் கூடும். ஆனால் ஓர் உடன்படிக்கையை முறித்துவிட்டால் அந்தக் கெட்ட பெயர் மற்ற அரசுகளுக்கும் எட்டும். பிறகு யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். சொல் தவறாமைக்கு இங்கே ஒரு கணக்கு உண்டு.

இனிப் போர்க்களம். பகைவரின் பிணப்படை நம்மை எதிர்க்கிறது. அவர்களிடம் ஆள் மிகுதி. ஆனால் தொலைவிலிருந்து எய்யும் வில்லாளிகள் இல்லாத குறை உண்டு. நம்மிடம் குறுக்கு வில்லும் துப்பாக்கியும் பீரங்கியும் இருக்கின்றன. எனவே நாம் ஓடிப்போய் மோத வேண்டியதில்லை. ஈட்டி வீரர்களை முன்வரிசையில் நிறுத்தி, பகைவரை நம்மிடம் வரவிட்டு, வரும் வழியிலேயே சுட்டுக் குறைக்கலாம். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. துப்பாக்கி வீரனுக்கு நேர்ப்பார்வை வேண்டும். அவனை நம் ஈட்டி வீரனுக்கு நேர் பின்னால் சமதரையில் நிறுத்தினால் நம் ஆளே மறைப்பான். மேட்டிலோ பக்கவாட்டிலோ நிறுத்த வேண்டும். ஆயுதம் ஒன்றேயானாலும் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் பயன் மாறிவிடுகிறது.

அதுபோலவே, குதிரைப்படையை ஈட்டியின் முன்னால் அனுப்பினால் அழியும். சுற்றிப் போய்ப் பின்புறத்தில் தாக்கச் செய்தால் வெற்றி. மனிதப் படையானால் பாதி ஆள் சாகுமுன்பே மனம் தளர்ந்து ஓடிவிடும். பிணப்படை ஓடாது, ஆனால் அதை ஆட்டுவிக்கும் தலைவனை வீழ்த்தினால், தாங்கும் வலு இழந்து உதிரத் தொடங்கும். ஆகவே எல்லாரையும் கொல்வதன்று, எதனால் அந்தப் படை நிற்கிறது என்று கண்டு அதைத் தாக்குவதே வெற்றிக்கு வழி. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த விளையாட்டை நன்றாக ஆடும் பிள்ளைக்கு அந்த மூன்று அதிகாரங்களைக் கற்பிப்பது எளிது. உதாரணங்கள் அவன் கையிலேயே இருக்கின்றன.

இவ்வளவு நல்லது சொன்ன நாம், மற்றப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

இந்த விளையாட்டில் ஒரு படைப்பிரிவில் பாதிப்பேர் மடிந்தால், சொந்த நாட்டில் சில முறைகள் தங்கினால் போதும்; எண்ணிக்கை தானாக நிரம்பிவிடும். இறந்தவனுக்குத் தாய் இல்லை. பிடிபட்ட ஊரைக் கொள்ளையிடுவதா, எரிப்பதா, ஆளுவதா என்று திரையில் கேட்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. உண்மைப் போர் அப்படியன்று. நம் தோட்டங்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. காலராவும் பட்டினியும் அடியும் அவர்களைக் கொன்றன. ஏதோ ஒரு தளபதியின் வரைபடத்தில் அது ஒரு கோடு. நம் லயங்களிலோ விளக்கு அணைந்த வீடுகள். வரைபடத்தின் மேல் நின்று பார்ப்பவனுக்கு மனிதன் எண்ணாகத் தெரிகிறான். இதைப் பிள்ளைக்கு விளையாட்டு சொல்லாது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

அடுத்து நேரம். ஒரு போர்த்தொடரை முடிக்க நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் ஆகலாம். பல பத்து மணி நேரம் ஓடும். ஒரு முறை முடிந்ததும் அடுத்த முறையில் கட்டடம் முடியும், புதுப் படை வரும் என்ற ஆவல் எழுகிறது. அந்த ஆவலே தூக்கத்தைத் தின்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிவிடுதல், கேடு வந்த பிறகும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, பொதுவாக ஓராண்டளவு நீடித்தால், அதை ஒரு நோயாகவே உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. அந்த வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நாள்தோறும் சிறிது நேரம் விளையாடும் பிள்ளையெல்லாம் நோயாளியல்லன். ஆனால் பள்ளிக்குப் போகாமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், ஏசுவதை விட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போவதே முறை.

நேரத்தை அடக்க ஒரு வழி விளையாட்டிலேயே இருக்கிறது. நாட்டு வரைபடத்தில் இருக்கும்போது ஆட்டத்தைப் பதிவு செய்துவைத்து மறுநாள் தொடரலாம். போர்க்களத்தின் நடுவில் அப்படிப் பதிவு செய்ய முடியாது. சண்டை நடக்கும்போது திடீரென்று மின்சாரத்தைப் பிடுங்கினால் பிள்ளை கொதிப்பது இதனால்தான். "இந்தச் சண்டை முடிந்ததும் சேவ் பண்ணிட்டு எழுந்திருக்கணும் தம்பி" என்று முன்கூட்டியே பேசிவைத்தால் அவனுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

பணத்திலும் கவனம் வேண்டும். இந்த விளையாட்டு 100 ஜிகாபைட்டுக்கும் மேல் இடம் பிடிக்கிறது. சாதாரணக் கணினி தாங்காது. விளையாட்டை வாங்கியதோடு செலவு முடிவதுமில்லை. கூடுதல் அரசர்கள், கூடுதல் படைகள் என்று தனித்தனியாக விற்கிறார்கள். இரத்தம் தெறிக்கும் காட்சிகள்கூடத் தனி விலைதான். வாங்குமுன் வயது வரம்பைப் பாருங்கள். இத்தனை வெள்ளிக்கு மேல் இல்லை என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். வங்கி அட்டையின் எண்ணைக் கணினியில் பதிந்து விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நாளைக்கு உங்கள் பிள்ளை விளையாடும்போது பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். "உன் வரவு எவ்வளவு? படைக்குச் செலவு எவ்வளவு? இந்த எல்லையில் யாரோடு சமாதானம்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். கணக்குச் சொல்லத் தெரிந்தால் பிள்ளை யோசித்து ஆடுகிறான் என்று அறியலாம். தெரியாவிட்டால், அங்கிருந்தே நீங்கள் கற்பிக்கத் தொடங்கலாம். வரவறிந்து செலவு செய்யும் வித்தையில் எந்தப் பேரரசருக்கும் நம் தோட்டத்துத் தாய்மார்கள் இளைத்தவர்கள் அல்லர்.