சவ ஊர்வலத்துக்கு முப்பது பேர்

சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராகவே தலை நரைத்தவன் நான். சரித்திரம் படிக்க உட்கார்ந்தாலும் போர்க்களத்தை விட்டுவிட்டுப் பத்திரங்களைத்தான் கண் தேடும். பிரான்சில் ஹியூகனாட்டுகள், அதாவது கால்வினின் வழியைப் பின்பற்றிய புராட்டஸ்டண்டுகள், பட்ட பாட்டையும் அப்படித்தான் படித்தேன்.

கத்தோலிக்கருக்கும் அவர்களுக்கும் 1562-இல் மூண்ட மதப்போர், பாரிசில் ஹியூகனாட்டுகளைக் கொன்று குவித்த படுகொலை எல்லாவற்றையும் கடந்து, 1598-இல்தான் ஓய்ந்தது. அந்த ஆண்டு மன்னர் நான்காம் ஹென்றி நான்ட் சாசனத்தைப் பிறப்பித்தார். அதன்படி ஹியூகனாட்டுகள் குறித்த ஊர்களில் வழிபடலாம், அரசு வேலை பார்க்கலாம், பாதுகாப்புக்குக் கோட்டைகள் வைத்துக்கொள்ளலாம். இது நிரந்தரமானது, ரத்து செய்ய முடியாதது என்று முகவுரையிலேயே எழுதியிருந்தது. ஹியூகனாட்டுகளின் லா ரோஷெல் நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்து பணிந்தபின், 1629-இல் கோட்டைகள் பறிபோயின. வழிபாடு மிஞ்சியது.

பின்னால் ஆண்ட பதினான்காம் லூயி எடுத்த எடுப்பில் சாசனத்தைக் கிழித்துப் போடவில்லை. அவருடைய அதிகாரிகள் அதை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். எழுதியிருப்பது மட்டும் செல்லும், எழுதாதது கூடாது. பகலில் சவ அடக்கம் செய்யலாம் என்று சாசனத்தில் எங்கே இருக்கிறது? இல்லை அல்லவா? ஆகவே 1662 முதல், விடியும் நேரத்திலோ இருட்டும் நேரத்திலோதான் பிணத்தை எடுக்கவேண்டும். கூடப் போகிறவர்கள் முப்பது பேரைத் தாண்டக்கூடாது. சில ஊர்களில் பத்துப் பேர்தான். 1680-இல் ஹியூகனாட் பெண்கள் பிரசவம் பார்க்கத் தடை வந்தது. மறு ஆண்டு, ஏழு வயதுப் பிள்ளை பெற்றோரைக் கேட்காமலே கத்தோலிக்க மதத்துக்கு மாறலாம் என்றார்கள். இந்த மாதிரி சுற்றறிக்கை எழுதும் ஆசாமிகளை எனக்கு நன்றாகத் தெரியும். மேலிடத்தின் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அதே 1681-இல் புவாத்து பகுதியில் குதிரைப்படைச் சிப்பாய்களை ஹியூகனாட் வீடுகளில் தங்கவைத்தார்கள். சோறும் தீவனமும் வீட்டுக்காரன் செலவு, அடியும் உதையும் தனி. மதம் மாறினால் இரண்டு வருஷத்துக்குச் சிப்பாய் வரமாட்டான்.

1685 அக்டோபரில் ஃபோன்டென்ப்ளோ அரண்மனையிலிருந்து ரத்து ஆணை வந்தது. அதில் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: பெரும்பாலோர் கத்தோலிக்கராகிவிட்டார்கள், இனி நான்ட் சாசனத்துக்கு வேலையில்லையாம்! போதகர்கள் பதினைந்து நாளில் நாட்டை விட்டுப் போகவேண்டும். மற்றவர்கள் போகவே கூடாது; தப்பி ஓடிப் பிடிபட்ட ஆணுக்குக் கப்பலில் துடுப்புத் தண்டனை, பெண்ணுக்குச் சிறை. அப்படியும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் ஹாலந்து, இங்கிலாந்து, பிராண்டன்பர்க் என்று போய்ச் சேர்ந்தார்கள்.

போகாதவர்களின் கதிதான் என் தொழிலுக்கு நெருக்கமானது. பிறப்பும் திருமணமும் கத்தோலிக்கப் பங்குக் குருவின் பதிவேட்டில் ஏறினால்தான் செல்லும். மலையிடுக்கில் ஒளிந்து வாழ்ந்த போதகர் நடத்திவைத்த கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள். தகப்பன் செத்தால், மதம் மாறிய பங்காளி சொத்துக்கு வழக்குப் போடலாம்.

நூறு வருஷம் இப்படிப் போயிற்று. 1787-இல் பதினாறாம் லூயி ஒரு சட்டம் கொண்டுவந்தார். பங்குக் குருவிடமோ அரசு நீதிபதியிடமோ போய்த் திருமணத்தைப் பதியலாம். பழைய கல்யாணங்களையும் பதியலாம். கிழவனும் கிழவியும் பிள்ளைகளோடு வந்து, தாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். வெளிப்படையாக வழிபடும் உரிமை அந்தச் சட்டத்திலும் கிடையாது. அதற்குப் புரட்சி வரவேண்டியிருந்தது.